அலுமாரியை நகர்த்திய நாள்

வகுப்புக் கூட்டாளிமாரே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆகஸ்ட் லீவில் பழைய மாணவர் எல்லோரும் சேர்ந்து நம்முடைய ஐந்தாம் வகுப்பு மண்டபத்தை ஒதுக்கித் துப்புரவாக்கி, நம் வகுப்பு வாத்தியாரின் படத்தை மாட்டினீர்கள். அந்த நல்ல நாளில் அழைப்பில்லாத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் நான் கெடுத்துவிட்டேனாம். வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சு. தள்ளாத வயதில் அந்த மனிதரை நோகப் பண்ணலாமா என்று ஒருவர் கேட்கிறார். அறுபது கடந்தும் உனக்குக் கொதி அடங்கவில்லையா என்று இன்னொருவர். அடங்கவில்லை. அடங்காததற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருந்து பழகிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வந்த அந்த ஆகஸ்ட் லீவை நினைத்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசி, வாவித் தண்ணீர் வற்றி, கரையில் சேறு வெடித்துக் கிடந்த மாதம். வட்டை வயலில் சிறுபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. கூப்பன் அரிசிக்கும் பாணுக்கும் ஊர் வரிசையில் நின்ற காலம். மண்டூர் முருகன் கோயிலில் கொடியேறிவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனம் பாதையில் ஏறி வந்துகொண்டே இருந்தது. வாவியைக் கடக்கிற அந்தத் தட்டைப் படகைப் 'பாதை' என்று சொல்லி வெளியூர்க்காரரைத் தடுமாற வைப்பது நமக்கு ஒரு பொழுதுபோக்கு. பாதையில் எப்போதும் எண்ணெய் வாடையும், கற்பூர வாடையும், தலைசுற்றி யாராவது சத்தியெடுத்த வாடையும் கலந்து வரும்.

எங்கள் அம்மா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்தார்: மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியைத் திருவிழாவின் கடைசி நாளான தீர்த்தத்தன்று கோயிலில் கொடுப்பது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சேலைத் தலைப்பை மடியாக ஏந்திக்கொண்டு அவர் வீடு வீடாகப் போனபோது நானும் கூடப் போனேன். உங்கள் வீட்டு வாசல்களிலும் நின்றோம். உங்கள் தாய்மார் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. பஞ்சக் காலத்திலும் ஒரு சுண்டு, அரைச் சுண்டு என்று போட்டார்கள். ஒரு வீட்டில் சிவப்புப் புழுங்கல், அடுத்த வீட்டில் வெள்ளைப் பச்சை, அதற்கடுத்ததில் சீனட்டி. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியில் கொட்டியபோது அந்த அரிசி பல நிறமாகக் கிடந்தது. மடிப்பிச்சை அரிசி அப்படித்தான் இருக்கும். நம் பகுதியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அதைக் கண்டால் தெரியும்.

தீர்த்தத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, நாள் வரமுன்னே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவிச்சி உள்ளே ஓடினார். பிள்ளை பிறந்தால் வீடு துடக்கு, தீட்டு. துடக்கு வீட்டில் நேர்த்தி அரிசி இருக்கக்கூடாது. அந்த வீட்டுக்காரர் யாரும் தொடவும் கூடாது. அம்மா வலியோடு வலியாக, "அரிசி, அரிசி" என்று கத்தினார். வேலிக்கு அப்பால் இருந்து பக்கத்து வளவு மாமி ஓடி வந்தார், தன் மகளையும் இழுத்துக்கொண்டு. அந்த மகள்தான் என் கூட்டாளி. வகுப்பில் ஒரே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்; கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி; வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லி என்னை வெறுப்பேற்றுகிறவள். வேறு குடி என்பதால் அவளுக்குத் துடக்கு இல்லை.

"எங்கட வீட்ட வைக்கேலா," என்றார் மாமி. "உள்ளுக்குக் கருவாட்டுச் சாக்குக் கிடக்கு. மச்சம் கிடக்கிற இடத்தில முருகன்ட அரிசிய எப்பிடிகா வைக்கிற?"

மாமியின் புருசன் வாவியில் மீன் தொழில் செய்கிறவர். திருவிழாவுக்கு அடுப்பில் மீன் ஏற்றாவிட்டாலும் வீடு மணந்துகொண்டுதான் இருக்கும். அந்த அவசரத்தில் மாமிக்குத் தோன்றியது ஒரே ஒரு இடம்.

"பள்ளிக்கூடத்தில மச்சமும் இல்ல, துடக்கும் இல்ல. லீவுதானே, ஆரு வரப்போறா? உங்கட வகுப்பு அலுமாரிக்கு மேல கொண்டு வை, புள்ள. நீ தொட்டிராதகா, எட்டி நில்லு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போனாள். நான் தூரத்தில் பின்னால் போனேன். மண்டபத்துக்கு அரைச்சுவர்தானே, ஏறிக் குதித்து, மேசைமேல் வாங்கைத் தூக்கிப் போட்டு, அலுமாரிக்கு மேல் பத்திரமாக வைத்தாள். கீழே இறங்கிக் கும்பிடவும் செய்தாள். திரும்பி வரும்போது என் வீட்டுக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தம்பி பிறந்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலையில் வாத்தியார் ஊருக்குள் ஆள் விட்டார். தவணை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடம் பார்க்க வித்தியாதிகாரி வருகிறாராம்; வகுப்பை ஒதுக்க வேண்டுமாம்; ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் விளக்குமாறும் கடகமும் கொண்டு வர வேண்டுமாம். டவுனில் இருந்து வந்து, மண்டபத்துக்கு அடுத்த அறையில் தங்கியிருந்தவர் அவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். வெள்ளை நீளக்காற்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு கையில் எப்போதும் பிரம்பு. தன் கூப்பன் அரிசிச் சாக்கு நாளுக்கு நாள் குறைகிறது, இந்த ஊரில் கள்ளர் இருக்கிறார்கள் என்று அந்தத் தவணை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நினைவிருக்கிறதா? மனக்கணக்குச் சொல்லித் தருகிறபோதுகூட அதைத்தான் சொன்னார்.

ஒதுக்குகிற வேலை முதலில் எங்களுக்குத் திருவிழாவாகத்தான் இருந்தது. என்னவெல்லாம் வந்தது! உடைந்த சிலேட்டுகள், மை காய்ந்த கூடுகள், காலில்லாத பூகோள உருண்டை, பாதி கறையான் தின்ற இலங்கைப் படம், மணிச்சட்டத்து மணிகள், பறிமுதல் செய்யப்பட்ட பம்பரங்கள், முறிந்த பிரம்புத் துண்டுகள் ஒரு கட்டு. அந்தப் பிரம்புத் துண்டுகளில் எது யார் முதுகில் முறிந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது வெளிநாட்டில் இருந்து குழுவில் எனக்குப் புத்தி சொல்கிறவர், அன்று பூகோள உருண்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். பழைய தாளின் புழுதி மூக்குக்குள் ஏறி எல்லோருக்கும் தும்மல். மண்டபத்து வாசலில் குப்பை எங்கள் உயரத்துக்கு வந்துவிட்டது.

அவளும் நானும் அலுமாரிப் பக்கத்திலேயே நின்றோம். அதை யாரும் தொடமுன்னர் அவள் மூட்டையை எடுத்து ஒரு பக்கம் வைப்பது என்று எங்களுக்குள் பேச்சு. அவள் வாங்கில் ஏறியதும் வாத்தியார் கண்டுவிட்டார்.

"என்னடி அது? இறக்கு கீழ."

அவள் இறக்கினாள். அவர் முடிச்சை அவிழ்த்தார். எல்லோரும் சுற்றி வந்தீர்கள்.

"ஓகோ. இப்பதான் விளங்குது என்ட சாக்குக் குறையிற கணக்கு. ஆரு வைச்ச?"

"நான்தான் சேர். இது நேத்தி அரிசி. துடக்கு வீட்டில வைக்கக்குடா எண்டு..."

"பள்ளிக்கூடத்தில என்னடி நேத்தி? என்னடி துடக்கு? களவுக்கு முருகனையும் கூட்டோ?"

நான் முன்னுக்குப் போனேன். "சேர், அம்மாளாண, அது எங்கட அம்மா எடுத்த மடிப்பிச்சை. அரிசியப் பாருங்க சேர், எல்லாம் கலந்து கிடக்கு," என்று சொன்னேன். சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லி முடியமுன் அவர் விட்ட அறையில் என் காதுத் தோடு கழன்று விழுந்தது. உங்களில் ஒருத்திதான் அதைத் தேடித் தந்தாள்.

என் கூட்டாளியை வெளியே வெயிலில், மணலில், முழங்காலில் நிறுத்தினார். பிறகு பெரிய பொடியன்களைக் கூப்பிட்டு மூன்று கல் வைத்துக் கிடாரம் ஏற்றச் சொன்னார். "களவெடுத்த அரிசிய எல்லாரும் சாப்பிடுங்க. உழைக்கிற பிள்ளையளுக்கு நல்ல சோறு," என்றார். உலை கொதித்தது. துணியை உதறிக் கொட்டினார். என் தம்பியின் உயிருக்கு என்று என் தாய் வாசல் வாசலாக ஏந்திய அரிசி அந்தக் கிடாரத்துக்குள் போனது. அந்த நெருப்புக்குள் அவரைத் தூக்கிப் போட வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பத்து வயது. அப்படியே நினைத்தேன்.

தாமரை இலையில் சோறு, பூசணிக்காய்க் கறி. சாப்பிட்டீர்கள். பசி, பிள்ளைகள், பஞ்சக் காலம். அதற்காக உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சோறு எப்படி இருந்தது? ஒரு பருக்கை குழைந்து, ஒரு பருக்கை கல்லு மாதிரி. "என்ன சேர், பாதி அவியல்ல," என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. கூப்பன் சாக்கில் இருந்து எடுத்த அரிசி என்றால் எல்லாம் ஒன்றாக அவிந்திருக்குமே! பச்சையும் புழுங்கலும் சிவப்பும் வெள்ளையும் ஒரு கிடாரத்துக்குள் வந்தது எப்படி? உங்கள் பல்லுக்குத் தெரிந்தது. அதில் உங்கள் அம்மா போட்ட அரிசியும் இருந்தது. ஒரு வாய் திறக்கவில்லை.

நான் சாப்பிடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "நீ போகா, உனக்கும் அடி விழும்," என்றாள். முழங்காலில் மணல் குத்தி இரத்தம் கசிந்திருந்தது. அழவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்க் கேட்டால் பதின்மூன்றாம் வாய்ப்பாடு.

சாப்பாடு முடிந்துதான் அலுமாரியை நகர்த்தினார்கள். நான்கு பொடியன்கள் தள்ளினார்கள். கூட்டுகிறதுக்கு விளக்குமாறோடு நின்றது நான். அலுமாரி விலகியதும் குப்பென்று ஒரு நாற்றம். பலகைத் தட்டியின் அடியில் கைமுட்டி அளவு ஓட்டை. அதற்கு முன்னால் கடித்த தாளும் சாக்கு நாரும் சேர்ந்த ஒரு கூடு. கூட்டைச் சுற்றி உமியும் எலிப் புழுக்கையும் கை நிறைய அள்ளுகிற அளவு அரிசியும். மங்கல் நிறக் கூப்பன் அரிசி. அந்தப் புழுத்த வாடை யாருக்குத் தெரியாது?

வாத்தியார் குனிந்தார். ஒரு நுள்ளு எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். தட்டிக்கு மறுபக்கம் தன் சாக்கு இருக்கிற இடத்தை ஒருமுறை பார்த்தார். விரலில் இருந்ததை உதறினார்.

"எலி, சேர்," என்றேன் நான்.

"எலிதான். வாயைப் பொத்திக்கொண்டு கூட்டு."

இதுதான். இதைத்தான் இத்தனை வருசமாகக் கறுவிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். வெளியே அவள் முழங்காலில் நிற்கிறாள், இவருக்குத் தெரிந்துவிட்டது, கூட்டச் சொல்கிறார். பின்னேரம் அவளை எழுப்பி, உங்கள் எல்லோருக்கும் முன்னால், "போ. இனிமேல் களவெடுக்காத," என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் அவளுக்குப் பின்னால் "அரிசிக் கள்ளி" என்று பாட்டுக் கட்டிக்கொண்டு வாவிக்கரை வரைக்கும் போனீர்கள். அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இப்போது கோயில் தலைவர்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். என் அப்பா பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று, "குறை நினைக்காதிங்க சேர், பொம்பிளையள் விளங்காமச் செய்ததுகள்," என்று மன்னிப்புக் கேட்டார். படித்த மனிதரைப் பகைக்கக்கூடாதாம். மாமி அவளுக்கு ஈர்க்கிலால் அடித்தார். அடித்துவிட்டுத் தானும் அழுதார். "கள்ளியெண்டு பேர் கேட்ட இடத்துக்கு என்ட புள்ள இனிப் போகாது," என்று முடித்துவிட்டார். அது மகளைக் காப்பாற்றுவது என்று அவருக்கு எண்ணம். கணக்கில் என்னை மிஞ்சியவள் அடுத்த தவணையில் இருந்து இறால் உடைத்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அடுத்த வருசம் அம்மா மறுபடி மடி ஏந்தி, நேர்த்தியை முடித்தார். அவன் இப்போது ஓட்டமாவடியில் அரிசி ஆலைக்கு லொறி ஓட்டுகிறான், வயிறும் தொந்தியுமாக. ஆக முருகன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் சாமி, விடலாம்.

நான் விடவில்லை. வட்டைக்குப் போகிற வழியில் வேலியில் பூனைக்காலி காய்த்துக் கிடந்தது. அந்தச் சுணை தோலில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பூவரசம் இலையில் சுரண்டி எடுத்து, வித்தியாதிகாரி வருகிற அன்று விடிய மண்டபத்துக்குப் போய், வாத்தியார் உட்காருகிற கதிரையில் நல்லாகத் தேய்த்தேன். இன்றைக்குச் சொறிந்து சொறிந்து தோல் உரியட்டும், அதிகாரிக்கு முன்னால் மானம் போகட்டும் என்று நேர்ந்துகொண்டுதான் தேய்த்தேன்.

என்ன நடந்தது? வந்த பெரிய மனிதரை வாத்தியார் தன் கதிரையிலேயே இருத்தினார்! நம் ஆட்களின் மரியாதை அப்படித்தானே. பாவம், அவர் இரண்டு வாய்ப்பாடு கேட்பதற்குள் நெளிந்தார், எழுந்தார், சுவரில் உரஞ்சினார். "நல்ல துப்புரவான வகுப்பு, மிச்சம் நல்லது," என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறிப் பறந்துவிட்டார். ஒரு கொப்பியும் பார்க்கவில்லை, வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துப்புரவுக்கு நல்ல பேர் எழுதி, அடுத்த வருசமே நம் வாத்தியாருக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் பதவி. அந்தப் பதவியை வாங்கிக் கொடுத்தது நான். நினைத்தால் இப்பவும் பல்லைக் கடிக்கிறேன்.

பிறகு நான் தாதியாகி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது ஒருமுறை அவர் என் வார்ட்டிலேயே வந்து படுத்தார். கையில் ஊசி, முன்னால் அவருடைய கை. ஊசியைச் சரியாகத்தான் போட்டேன், நோகாமல் போட்டேன். என் தொழில் அது. ஆனால் கேட்டேன்: "சேர், அலுமாரிக்குப் பின்னால கிடந்த அரிசி ஞாபகமா?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறந்தவன் "எந்த அரிசி" என்று கேட்பான். அவர் கேட்கவில்லை.

அவள் குவைத்துக்குப் போய், ஆர் ஆரோ வீட்டுச் சமையலறைகளில் வயதைக் கழித்து, இப்போது பழுகாமத்தில் மகளோடு இருக்கிறாள். நீங்கள் வகுப்பை ஒதுக்கப் போகிறீர்கள், படம் மாட்டப் போகிறீர்கள், அவரையே வேனில் கொண்டுவரப் போகிறீர்கள் என்று அறிந்ததும் போய்ச் சொன்னேன். நான் இழுத்து வரவில்லை. "நானும் வாறன்கா. நானும் அந்த வகுப்புத்தானே," என்றாள்.

அன்று மண்டபத்தில் உடைந்த கணினிப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஒவ்வொருவராகக் காலில் விழுந்தீர்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "எதுவரைக்கும் படிச்ச? என்ன உத்தியோகம்?" பொறியியலாளர், கிராம சேவகர், அதிபர், தாதி. கேட்கக் கேட்க அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியாக அவள் போய் நின்றாள். காலில் விழவில்லை.

"நீ எதுவரைக்கும் படிச்ச, புள்ள?"

"நீங்க நிப்பாட்டின வகுப்பு வரைக்கும், சேர்."

அவர் காதைத் திருப்பினார். அவள் குரலை உயர்த்தவில்லை, குனிந்து கிட்டப் போனாள். "அஞ்சாம் வகுப்பு. இஞ்ச வெளியில மணலில, உங்கட அரிசிக்கு முழங்காலில நிண்டது நான்தான்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் கோணி, கண்ணில் தண்ணீர் வடிந்தது. "அது எலிதான், புள்ள," என்றார். நான் பக்கத்தில் நின்றேன், என் காதால் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும், சேர். இவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். அப்போதுதான் உங்களில் ஒருவர், "ஐயா களைச்சுப் போனார்," என்றார். இன்னொருவர் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார். இரண்டு பேர் அவரைத் தாங்கித் தூக்கி வேனில் ஏற்றினார்கள். அவர் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஆட்டோவில் ஏறி, அவள் வேன் போன பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தாள் சொல்லத்தான் வந்தவர்கா. நம்மட ஆக்கள்தான் விடல்ல," என்றாள்.

வாத்தியாருக்கு இனி என்ன, இன்றோ நாளையோ. இத்தனை வருசமாக ஒரு ஆளைத்தான் கறுவிக்கொண்டிருந்தேன். பாட்டைப் போட்டது யார், கையைப் பிடித்துத் தூக்கியது யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். உங்களையும் சேர்த்துக் கறுவ எனக்கு இன்னும் ஆயுள் கிடக்கிறது.